மேல்மலையில் டிபன்

டிபன் நமக்குச் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. ஆறு இட்லி உள்ளே போனவரும் "டிபன்தான் ஆச்சு, இன்னும் சாப்பிடலை" என்பார். ஆங்கிலேயர் ஆட்சியில் நண்பகல் சிற்றுணவைக் குறித்த சொல் அது. நாம் அதைக் காலைக்கும் மாலைக்கும் நகர்த்தி, இட்லியைத் தலைவாசலில் உட்கார வைத்தோம்.

அந்த இட்லிக்கு மலை அவ்வளவு சுலபமான இடமில்லை. கொடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூர், கவுஞ்சி தாண்டி, கிளாவரை போகும் வழியில் இருக்கிறது பூண்டி. கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரம். மார்கழி, தை இரவுகளில் 10 டிகிரிக்குக் கீழே குளிரும். மதுரையில் ராத்திரி கரைத்த மாவு விடிவதற்குள் சட்டியை விட்டு வழியும். இங்கே வைத்த மட்டத்திலேயே கிடக்கும்.

மாவைப் பொங்க வைப்பது லியூக்கோநாஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா. உளுந்தோடு ஒட்டிக்கொண்டு வருவது. இட்லி மாவில் அதன் பங்கை ஸ்டைன்கிராஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1965-ல் விளக்கினார்கள். மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடும். அமிலத்தால் புளிப்பு, வாயுவால் உப்பல். வாயு ஓடிவிடாமல் பிடித்துவைப்பது உளுந்தின் புரதமும் கொழகொழப்பும்தான். வெறும் அரிசி மாவு புளிக்கும், இட்லியாக உப்பாது.

30 டிகிரி இந்த பாக்டீரியாவுக்குத் தோதான சூடு. குளிரில் செத்துப்போவதில்லை, சுணங்கும். கொரியாக்காரர்களின் கிம்ச்சியைக் குளிரில் நாள்கணக்கில் புளிக்க வைப்பதும் இதே வகை பாக்டீரியாதான். காலை டிபனுக்கு அவ்வளவு நாள் யார் காத்திருப்பது? மாவுச் சட்டியை அடுப்படிக் கதகதப்பில் வைத்து, கம்பளியைப் போர்த்திவிட வேண்டியதுதான்.

மாவு பொங்கிய பிறகும் மலை விடாது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்; ஆவிக்கும் அதே சூடுதான். இட்லிக்கு இது பொருட்டே இல்லை. அரிசியின் மாவுச்சத்து அதற்கும் குறைந்த சூட்டிலேயே வெந்துவிடும், கொஞ்ச நேரம் கூடுதலாக வைத்தால் போதும்.

திண்டாட்டம் சாம்பாருக்குத்தான். துவரம்பருப்பு குழைய அதன் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் இளக வேண்டும். ஏழு டிகிரி குறைந்தாலே அந்த வேலை வெகுவாகத் தாமதப்படும். திறந்த பாத்திரத்தில் பருப்பு கொதித்துக்கொண்டே இருக்கும், குழையாது. குக்கரோ அழுத்தத்தைக் கூட்டி, தண்ணீரின் கொதிநிலையை 100-க்கு மேலே தள்ளிவிடுகிறது. குக்கர் இல்லாத அன்றைக்குச் சட்னி அரைத்துக்கொள்ளலாம்.