பழைய தோணியும் புதிய இயந்திரமும்

தூத்துக்குடியினின்று கொழும்புக்குப் பாய்விரித்துச் சென்ற தோணிகளை அறியாதார் இலர். பிற்காலத்தில் அவற்றுள் டீசல் இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. காற்றுக்குக் காத்திருக்கும் துன்பம் ஒழிந்தது. இனி, இயந்திரத்தின் சக்தியை இரட்டித்தால் வேகமும் இரட்டிக்குமன்றோ எனச் சிலர் வினவுவர். அஃது அவ்வாறன்று.

நீரைக் கிழித்துச் செல்லும் மரக்கலத்திற்கு வேண்டிய சக்தி, ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயரும். ஆகவே சக்தி 2 மடங்கானால் வேகம் 1.26 மடங்கே ஆகும். மணிக்கு 6 கடல்மைல் சென்ற தோணி ஏழரையே செல்லும். மேலும், கலம் எழுப்பும் அலையின் நீளம் கலத்தின் நீளத்தை எட்டியபின், மிகுந்த சக்தியெல்லாம் அலையை உயர்த்துவதிலேயே செலவாகும். நீர்மட்டத்தில் 64 அடி நீளமுள்ள கலத்திற்கு அவ்வெல்லை ஏறக்குறைய 10.7 கடல்மைல்.

அன்றியும், காற்றின் விசையைப் பாய்மரங்களின் வழியே கலம் முழுதும் பகிர்ந்து தாங்கிற்று. இயந்திரத்தின் பாரத்தையும் அதிர்வையுமோ ஏராவும் பின்புறச் சட்டங்களுமே தாங்கவேண்டும். பழுதுற்ற சட்டத்தின்மேல் வலிய இயந்திரத்தை ஏற்றினால் ஆணி தளரும். பலகைப் பொருத்து விரியும். நடுக்கடலில் நீர் புகும். பழைய டிராக்டருக்கு வலிய இயந்திரம் மாற்றுவோர் பல்சக்கரப் பெட்டியையும் பின் அச்சையும் முதற்கண் சோதிப்பதும் இதுபற்றியே.

ஆதலின், முன்னர் மரத்தைச் சோதித்து, பின்னரே இயந்திரத்தைத் தெரிந்துகொள்க. தண்டலும் உடன் செல்வோரும் தம் உயிரை ஒப்புவிப்பது அம்மரத்தினிடத்தன்றோ!