உதவி பலன் தந்ததா?



பட்டம் பெற்றபின் பல்கலைக்கழகத்தில் மேலும் ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள், சில இடங்களில் தாங்களே ஏற்பாடு செய்து மாநாடு கூட்டுவதுண்டு. ஒருவர் தம் ஆய்வைப் படிப்பார். மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். திட்ட மதிப்பீடு என்னும் துறையின் மாணவர்கள் கூடினால் முக்கியமாக எழும் கேள்வி இது: "இத்திட்டத்தால் மக்களுக்கு நன்மை விளைந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

பால்மரத்துக்கு உரம் போட்டோம், பால் கூடியது என்று வைத்துக்கொள்வோம். கூடியது உரத்தாலா, பருவத்தாலா? உரம் போடாத நிரை ஒன்று பக்கத்தில் இருந்தால்தானே தெரியும்!

மனிதர் விஷயத்திலும் அப்படித்தான். அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என இரு நகரங்கள். பையன்கள் கெட்ட வழியில் போகாமல் தடுக்க, காபட் என்ற மருத்துவர் வகுத்த திட்டம் ஒன்று 1939இல் அங்கே செயலுக்கு வந்தது. 506 பையன்களை, வயதிலும் குடும்ப நிலையிலும் ஒத்தவர்களாக இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார்கள். காசைச் சுண்டி, இருவரில் ஒருவனுக்கு மட்டும் உதவி கொடுத்தார்கள். ஆலோசகர் மாதம் இருமுறையளவில் வீடு தேடி வந்தார். பாடம், வைத்தியம், கோடைக்கால முகாம் எல்லாம் கிடைத்தன. இப்படிச் சராசரி ஐந்து ஆண்டுக்கு மேல் நடந்தது.

ஜோன் மெக்கார்ட் என்ற அம்மையார், அவர்கள் நடுவயது அடைந்தபின் தேடிப்பிடித்து விசாரித்து, 1978இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர், "எங்களுக்கு நன்மையே" என்றார்கள். வீடு வரை வந்து அன்பாகப் பேசியவர்களைப் பற்றி வேறெப்படிச் சொல்ல மனம் வரும்?

ஆனால் அம்மையார் அதோடு நிற்கவில்லை. நீதிமன்ற, மருத்துவ, மரணப் பதிவுகளையும் புரட்டினார். மீண்டும் குற்றம் செய்தவர்களும், குடிக்கு அடிமையானவர்களும், இளமையில் இறந்தவர்களும் உதவி பெற்றவர்களிடையேதான் அதிகம்!

காரணம் என்ன? 1999இல் வெளியான மறு ஆய்வு முகாமைச் சுட்டியது. திரும்பத் திரும்ப முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களிடமே கேடு மிகுதியாகத் தெரிந்தது. முரட்டுப் பையன்கள் ஒன்றுகூடினால், ஒருவன் குறும்பை மற்றவன் மெச்சிச் சிரிப்பான் அல்லவா? அனுப்பியவர்கள் நல்ல மனத்தோடுதான் அனுப்பினார்கள்.

உதவி பெறாத அந்த மற்றப் பையன்களின் கணக்கு மட்டும் இல்லாதிருந்தால், இது வெற்றித் திட்டம் என்றே ஏட்டில் பதிவாகியிருக்கும். அதனால்தான் மாநாட்டில் எழுந்து நிற்கும் இளைஞரிடம் சக மாணவர்கள் கேட்கிறார்கள்: "யாரோடு ஒப்பிட்டீர்கள்?"