வீட்டு ஆமைகள்: இனமும் நிறமும் அறியும் முறை

பேராக் மாநிலத்து மக்களுக்கு ஆமை புதிய பிராணியன்று. ரப்பர்த் தோட்டங்களின் ஓடைகளிலும், கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய பின் எஞ்சிய குட்டைகளிலும் அது வாழ்ந்து வந்துள்ளது. ஈப்போ, குனோங் ராப்பாட்டிலுள்ள சாம் போ தோங் குகைக் கோயிலின் ஆமைக் குளத்தைக் காணாத பேராக்வாசிகள் சிலரே. நம்மவரிடையே "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்னும் பழமொழி வழங்கினும், தோட்டங்களை விட்டு வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் ஆமைக் குஞ்சுகளை ஆவலுடன் வளர்க்கவே செய்கின்றனர்.

வாங்கும்பொழுது பச்சைப் பசேல் என்றிருந்த குஞ்சு சில ஆண்டுகளில் பழுப்பாகிறது. சில வேளைகளில் கறுத்தும் விடுகிறது. இது நோயா, முதுமையா, அன்றி வேறோர் இனமா என்னும் ஐயம் அப்பொழுது எழுகிறது. விடை தெரியாதவர் அதனை அருகிலுள்ள குட்டையில் விட்டுவிடுகின்றனர். இதனால் விளையும் தீங்கு பெரிது. ஆதலின் ஆமையை இனங்காணும் முறையை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

நிறத்தை இறுதியில் பாருங்கள்

இனங்காண முற்படுவோர் பெரும்பாலும் நிறத்தையே முதலில் நோக்குகின்றனர். நிறமோ மாறுந்தன்மையது, ஓட்டின் அமைப்பு அவ்வளவாக மாறாது. ஆகவே பின்வரும் வரிசையில் ஆராய்தல் வேண்டும்.

முதலாவதாக, ஓடு கடினமானதா, தோல்போல் மெத்தென்றதா என்று பாருங்கள். மெத்தென்ற ஓடும் குழல்போன்ற மூக்கும் உடையது 'லாபி-லாபி' எனப்படும் பாலாமை. அது வலிமையாகக் கடிக்கும், கையில் எடுத்தலாகாது.

இரண்டாவதாக, மேலோட்டின் நடுவரிசைத் தகடுகளை எண்ணுங்கள். பெரும்பாலான ஆமைகளுக்கு ஐந்து தகடுகளே உண்டு. ஆறு அல்லது ஏழு தகடுகள் இருப்பின் அது நம் காட்டோடைகளில் வாழும் தட்டையோட்டு ஆமையாக இருக்கக்கூடும்.

மூன்றாவதாக, அடிப்பக்க ஓட்டில் கீல் உள்ளதா என்று நோக்குங்கள். நான்காவதாக, ஓட்டின் விளிம்பு வழுவழுப்பானதா, வாள்போல் பல்லுடையதா என்று காணுங்கள். இவற்றின் பின்னரே தலையின் கோடுகளையும் நிறத்தையும் ஆராய்தல் முறையாகும்.

பெரிதும் காணப்படும் இனங்கள்

செங்காது ஆமை: கடைகளில் விற்கப்படும் பச்சைக் குஞ்சு பெரும்பாலும் இதுவே. கண்ணுக்குப் பின்னால் சிவந்த பட்டை உண்டு. அடிப்பக்க ஓடு மஞ்சள் நிறத்தில் கரும்புள்ளிகளுடன் இருக்கும். இதன் தாயகம் அமெரிக்கா. நம் நாட்டிற்கு உரியதன்று. மூன்று சென்டிமீட்டர் அளவினதாய் வாங்கப்படும் குஞ்சு, பெண்ணாயின் 25 சென்டிமீட்டருக்கும் மேல் வளர்ந்து, 30 ஆண்டுகள் வரையிலும் வாழக்கூடும். சிவப்புப் பட்டைக்குப் பதிலாக அகன்ற மஞ்சள் திட்டு இருப்பின், அது இதே இனத்தின் மற்றொரு கிளையாகும்.

கத்துப் ஆமை: மலாய் மொழியில் 'கூரா-கூரா காத்துப்' எனப்படும் இது நம் நாட்டுக்குரியது. உயர்ந்து குவிந்த கரிய ஓடும், தலையின் பக்கங்களில் மஞ்சள் கோடுகளும் உடையது. ஐந்தடக்கலுக்கு ஆமையை உவமை கூறினார் வள்ளுவர். இவ்வாமையோ தலையையும் கால்களையும் உள்ளிழுத்ததோடு நில்லாமல், அடிப்பக்க ஓட்டைக் கீல்வழி உயர்த்திக் கதவடைத்தாற்போல் மூடிக்கொள்கிறது.

கருஞ்சதுப்பு ஆமை: ஓடும் உடலும் கறுத்து, தலையில் வெண்புள்ளிகள் கொண்டது. தமிழகத்துக் காராமையை ஒத்துத் தோன்றினும் இது வேறினம்.

இலை ஆமை: பழுப்பு நிறமுடையது, ஓட்டின் பின்விளிம்பு வாள்பற்கள் போன்றிருக்கும். முள் ஆமையின் குஞ்சுக்கோ ஓட்டைச் சுற்றிலும் கூரிய முட்கள் உண்டு. வயது ஏற ஏற அவை தேய்ந்துவிடும்.

நிறம் மாறுவது ஏன்?

முதற்காரணம் வயது. செங்காது ஆமையின் பச்சை நிறம் வளர வளர மங்கிப் பழுப்பாகும். முதிர்ந்த ஆண் ஆமைகள் சிலவற்றில் கருநிறமி மிகுந்து, சிவப்புப் பட்டையும் மறையுமளவு உடல் கறுத்துவிடும். இஃது இயற்கையே, நோயன்று.

இரண்டாவது காரணம் பால் வேறுபாடு. கருஞ்சதுப்பு ஆமையில் பெண்ணுக்கு வெண்புள்ளிகள் நிலைத்திருக்கும், ஆணுக்கு மங்கிவிடும். ஆகவே புள்ளியுடையதும் புள்ளியற்றதும் இருவேறு இனங்கள் என்று எண்ணலாகாது.

மூன்றாவது காரணம் இனப்பெருக்கப் பருவம். பேராக் ஆற்றில் வாழும் 'துந்தோங்' ஆமையின் ஆண், அப்பருவத்தில் கன்னங்கரியதாக மாறும். அதன் உறவினமான கடல் துந்தோங்கின் ஆணுக்குத் தலை வெளுத்து, கண்களுக்கிடையே செந்நிறக் கோடு தோன்றும். பருவம் கடந்ததும் இவ்வண்ணங்கள் மங்கும்.

நான்காவது காரணம் பிறவிக் குறைபாடு. கருநிறமியே இன்றிப் பிறக்கும் குஞ்சு மஞ்சள் உடலும் சிவந்த கண்களும் பெற்றிருக்கும். வணிகர் இதனை அரிய இனமென்று கூறி அதிக விலைக்கு விற்பதுண்டு. உண்மையில் அது அதே இனமே. கடும் வெளிச்சத்தைத் தாங்கும் ஆற்றல் அதற்குக் குறைவு.

இவையன்றி, பாசி படிந்து ஓடு பச்சையாகத் தோன்றுவதும், இரும்புச் சத்து மிக்க நீரால் செம்பழுப்புக் கறை படிவதும் உண்டு. மெல்லிய தூரிகை கொண்டு தேய்த்தால் பாசி அகலும். ஓட்டிற்கு வண்ணம் பூசுவது மட்டும் ஒருபோதும் கூடாது. அது ஓட்டின் வளர்ச்சியைக் கெடுக்கும்.

நோயின் அடையாளங்கள்

ஓட்டில் வெண்திட்டு தோன்றி, அவ்விடம் குழிந்தோ, துர்நாற்றம் வீசியோ இருப்பின் அஃது ஓட்டழுகல் நோயாகலாம். ஓடு அழுத்தினால் அமுங்குமாயின் சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் போதவில்லை என்பது பொருள். கண்ணாடி வழி வரும் வெயில் பயன்படாது. நேர் வெயிலும், ஏறி உலர்வதற்கு ஒரு கல்லும், ஒதுங்க நிழலும் வேண்டும். கண் வீங்கியிருப்பின் உயிர்ச்சத்து 'ஏ' குறைவு காரணமாகலாம். இத்தகைய நிலையில் கால்நடை மருத்துவரை நாடுதல் வேண்டும். மெல்லிய தகடுகள் தாமே உரிந்து விழுவதோ செங்காது ஆமைக்கு இயல்பு, அஞ்ச வேண்டியதில்லை.

இனமறிதலின் பயன்

செங்காது ஆமையைக் குட்டையில் விடுவது புண்ணியமாகாது. உணவிற்கும் வெயில் காயும் இடத்திற்கும் அது உள்நாட்டு ஆமைகளுடன் போட்டியிடுகிறது. உலகின் மிகக் கொடிய 100 அந்நிய உயிரினங்களுள் ஒன்றாக அது பட்டியலிடப்பட்டுள்ளது. ஐரோப்பிய நாடுகள் 1997ஆம் ஆண்டில் அதன் இறக்குமதியைத் தடை செய்தன.

மறுபுறம், ஓடையில் கண்ட உள்நாட்டு ஆமையை வீட்டிற்குக் கொண்டுவருவதும் தவறு. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்நாட்டு ஆமைகள் பல பாதுகாக்கப்பட்டுள்ளன. உரிமமின்றி அவற்றை வைத்திருத்தல் குற்றமாகும். முற்றாக அழியும் அபாயத்திலுள்ள துந்தோங் ஆமையைக் காக்கவே, பேராக் ஆற்றோரத்துப் போத்தா கானானில் 'பெர்ஹிலித்தான்' எனப்படும் வனவிலங்கு இலாகா ஒரு நிலையத்தை அமைத்து, முட்டைகளைப் பொரிக்கச் செய்து குஞ்சுகளை வளர்த்து வந்துள்ளது.

உடல்நலமும் கருதத்தக்கது. ஆமைகள் சால்மொனெல்லா என்னும் கிருமியைச் சுமந்திருக்கக்கூடும். சிறுவர்கள் இதனால் நோயுற்றமையாலேயே அமெரிக்கா 1975ஆம் ஆண்டில் நான்கு அங்குலத்திற்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடுத்தது. ஆமையைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவப் பிள்ளைகளைப் பழக்குங்கள். ஆமைத் தொட்டியைச் சமையலறையில் கழுவாதீர்கள்.

ஆமை வாங்குமுன் அதன் இனத்தையும், வளரும் அளவையும், ஆயுளையும் கேட்டறியுங்கள். வளர்க்க இயலாத நிலை வந்தால் குளத்தில் விடாமல், வளர்க்க வல்லாரிடம் ஒப்படையுங்கள். உள்நாட்டு ஆமையென ஐயமிருப்பின் வனவிலங்கு இலாகாவிடம் தெரிவியுங்கள். நம் ஓடைகளில் கத்துப் ஆமையும் கருஞ்சதுப்பு ஆமையும் நிலைத்து வாழ்வது இதனைப் பொறுத்ததே.