மாட்டுக்கு ஊசி... சாணி ஈக்கு டெஸ்ட்! ஏன் தெரியுமா?

ஐரோப்பாவின் மேய்ச்சல் நிலங்களில் மாடு சாணி போட்ட சில நிமிடங்களில் தங்க நிற முடி கொண்ட ஓர் ஈ ஆஜராகும். பெயர் மஞ்சள் சாணி ஈ. அறிவியலில், ஸ்கத்தோஃபாகா ஸ்டெர்கோரேரியா.

'சாணியைத் தின்ன வருது'ன்னு நினைக்கிறீங்களா? இல்லை. வளர்ந்த ஈ ஒரு வேட்டைக்காரன். அங்கே மொய்க்கும் மற்ற ஈக்களைப் பிடித்து உடல்சாறைக் குடிக்கும். சாணி சாப்பாடு அதன் புழுக்களுக்குத்தான்.

சிக்கலும் அங்கேதான். மாடுகளுக்குக் குடற்புழு நீக்கப் போடும் ஐவர்மெக்டின் (ஆமா, 2015-ல் நோபல் வாங்கித் தந்த அதே மருந்து!) உடம்பில் முழுசா சிதையாது, பெரும்பகுதி சாணியோடு வெளியேறிவிடும். அதில் துளியளவு இருந்தாலே ஈயின் புழுக்கள் வளராமல் செத்துவிடும். சாணியை மட்க வைப்பதில் இந்தப் புழுக்களுக்கும் வண்டுகளுக்கும் பெரிய பங்கு உண்டு. அவை குறைந்தால் சாணி காய்ந்து கிடக்கும், அடியில் புல் முளைக்காது. நஷ்டம் மாட்டுக்கும்தான்.

அதனால்தான் 2008-ல் ஓ.இ.சி.டி. அமைப்பு, கால்நடை மருந்துகளைச் சோதிக்கும் வழிகாட்டியில் இந்த ஈயைச் சேர்த்தது. டெஸ்ட் சிம்பிள்: மருந்து கலந்த சாணியில் முட்டைகளை வைத்து, எத்தனை ஈ வெளியே வருதுன்னு எண்ணணும்.