ஒலிமானியில் காணும் எழுத்துகள்

கொல்கத்தாவின் அலிப்பூரில் மருத்துவமனைகளும் நீதிமன்றங்களும் பள்ளிகளும் அருகருகே அமைந்துள்ளன. இத்தகைய நிலையங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பரப்பை அமைதி மண்டலமாக அறிவிக்க, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகை செய்கின்றன. அறிவிக்கப்பட்ட மண்டலத்தில் பகலில் 50, இரவில் 40 டெசிபெல் என்பது வரம்பு. இவ்வெண்களோடு ‘ஏ’ என்றோர் எழுத்தும் விதியில் உண்டு. களப்பணியாளர் பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. எனினும், எழுத்தை விடுத்த எண் ஒலியைப்பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்லாது.

ஒலிவாங்கி உணர்வது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கமேயாகும். மனிதச் செவியோ எல்லா அதிர்வெண்களையும் ஒரே தன்மையாக ஏற்பதில்லை. வினாடிக்கு 1000 முதல் 4000 வரை அதிரும் ஒலிகளில் அது கூர்மையுடையது. தாழ்ந்த ஒலிகளில் மந்தமானது. ஃபிளெச்சர், மன்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1933இல் இவ்வேறுபாட்டை அளந்து, சம உரப்புக் கோடுகளாக வரைந்தனர். அவற்றைத் தழுவி மென்மையான ஒலிகளுக்கு ஏ, நடுத்தர ஒலிகளுக்கு பி, உரத்த ஒலிகளுக்கு சி என மூன்று நிறையீடுகள் தோன்றின. ‘பி’ வழக்கிழந்து, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பன்னாட்டுத் தரத்தில் விடப்பட்டது. எவ்விதத் திருத்தமும் இல்லாத ‘இசட்’ அதில் சேர்ந்தது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1000 ஹெர்ட்ஸ் விசிலொலி 90 டெசிபெல் எனில், ஏ, சி இரண்டிலும் மானி 90 என்றே காட்டும். அதே 90 டெசிபெல் அழுத்தத்தில் பெரிய ஒலிபெருக்கி ஒன்று 63 ஹெர்ட்ஸில் முழங்குவதாகக் கொள்வோம். ‘ஏ’ நிறையீடு அதிலிருந்து 26.2 டெசிபெலைக் கழித்துவிடும். மானி காட்டுவது ஏறத்தாழ 64. ‘சி’ கழிப்பது 0.8 மட்டுமே, காட்டுவது 89. வணிகப் பகுதியின் பகல் வரம்போ ‘ஏ’ அளவில் 65! ஆகவே, சன்னற்கண்ணாடியை அதிரச்செய்யும் முழக்கமும் விதிக்குள் அடங்கிவிடக்கூடும்.

பூசைக்காலத்தில் முறையிடுவோரை மிகைப்படுத்துபவர் எனத் தள்ளிவிடுதல் எளிது. முறையீடும் மெய்யாயிருக்கலாம், மானியும் பிழையற்றதாயிருக்கலாம். தாழ்ந்த ஒலி சுவர்களை எளிதிற் கடந்து செல்வதால், வீட்டினுள் இருப்போருக்கு எஞ்சுவது பெரும்பாலும் அவ்வொலியே. இரு நிறையீடுகளிலும் அளந்து வேறுபாட்டைக் குறித்தல் நன்று. வேறுபாடு 15 அல்லது 20 டெசிபெலாயின், தாழ்ந்த அதிர்வெண்களே மிகுந்துள்ளன எனத் துணியலாம். வரம்பு மீறலுக்கு ‘ஏ’ அளவே சான்றாயினும், ‘சி’ அளவு நோயின் இடத்தைக் காட்டும்.

பட்டாசுகளின் செய்தி வேறு. 1999இல் மைய அரசு விதித்த தரப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபெல் ‘ஏஐ’, அல்லது 145 டெசிபெல் ‘சி’ உச்சம் என்பது எல்லை. ‘ஐ’ என்பது நொடிப்பொழுதில் எழுந்தடங்கும் ஒலிக்குரிய விரைவான கால நிறையீடு. உச்சமோ அழுத்த அலையின் முடியையே பற்றுவது. இவ்விரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவையல்ல. மேற்கு வங்காளம் நெடுங்காலம் 90 டெசிபெல் என்ற கடுமையான வரம்பைக் கொண்டிருந்து, 2023இல் 125க்கு உயர்த்திற்று. மாற்றத்தின் அளவை அறிய, எண்களை மட்டும் ஒப்பிடுதல் போதாது. அளக்கும் தொலைவும் எழுத்தும் உடன் நோக்கப்படல் வேண்டும். மானியை மெதுநிலையில் வைத்து வெடியை அளந்தவர் உண்மையினும் மிகக் குறைந்த எண்ணையே பெறுவார்.

அலிப்பூரில் 1876இல் திறக்கப்பட்ட விலங்குக்காட்சிச் சாலையை ஆசிரியர்கள் மாணவர்க்குச் சான்றாகக் காட்டலாம். ‘ஏ’ என்பது மனிதச் செவியின் வளைவு. யானைகள் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட, நமக்குக் கேளாத ஒலியால் தம்முள் உறவாடுவதை 1980களில் கேட்டி பெய்ன் முதலியோர் கண்டறிந்தனர். அவ்வொலியை ‘ஏ’ மானி பெரிதும் விலக்கிவிடும். கூண்டருகே 50 எனக் காட்டும் மானி, உள்ளிருக்கும் விலங்கு கேட்பதைக் காட்டுவதன்று.