பிரேக் குழாய் வாங்கும் முன்

கொல்லிமலைச் செம்மேட்டில் டீ சொல்லிவிட்டு உட்காரும் யாரிடமும் பிரேக்கின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அடிவாரக் காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் டிஸ்க் சூடு பிரேக் ஆயிலில் ஏறும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஈரம் குடித்துவிட்டால் அது 140 வரை இறங்கிவிடும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். அதனால்தான் கொதித்த ஆயிலோடு பெடல் தரைவரை போகிறது.

வீட்டில் குட்டி விமானம் கட்டுகிறவருக்கும் இதே சங்கடம்தான். மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ் மாதிரி நம்மூரிலும் ஆசைப்படுகிறவர்கள் உண்டு. "எந்தக் குழாய் வாங்கலாம் அண்ணே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் எந்த ஆயில் என்று திருப்பிக் கேட்பேன். சிறு விமானங்களில் ஊற்றுவது பெரும்பாலும் சிவப்பு நிற மினரல் ஆயில், 5606 என்பார்கள். அதற்கு நைட்ரைல் சீல். கார் பிரேக் ஆயிலை அதில் ஊற்றினால் அந்த ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். இது முடிவானால்தான் குழாய்ப் பேச்சு.

உடலோடு அசையாமல் போகிற இடத்துக்கு மென்மையான 5052 அலுமினியக் குழாய் போதும், கால் அங்குலம். தாமிரம் வளைக்க சுகம்தான், ஆனால் அதிர்வில் இறுகி விரிசல் விடும், வேண்டாம். நைலான் மலிவு, எடை இல்லை, வளைப்பதும் எளிது. ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். இறங்கி ஓடும் சில நொடிகளில் மொத்த வேகத்தையும் டிஸ்க் சூடாக வாங்கிக்கொள்கிறது. நைலான் இளகும், ஆயில் வெளியே வரும், 5606 தீப்பற்றக்கூடியது. கடைசிப் பகுதிக்கு எஃகுப் பின்னல் போட்ட டெஃப்லான் ஹோஸ்தான் என் கட்சி. கால் அசைகிற பெடல் பக்கமும் அதே.

இதில் கஞ்சத்தனம் ஏன் கூடாது என்றால், விமானத்தில் இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக், தனித்தனிக் குழாய். ஒன்று விட்டுவிட்டால் மற்றது மட்டும் பிடிக்கும், விமானம் அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடுபாதையை விட்டுப் போகும்.

ஒன்றை மறந்துவிட்டேன் பாருங்கள், ஃபிளேர். குழாய் முனையை விரிக்கும் கோணம் விமான ஃபிட்டிங்குக்கு 37 டிகிரி. கார் கடையில் கிடைக்கும் கருவி பெரும்பாலும் 45. இரண்டையும் சேர்த்து இறுக்கினால் ஏறும், ஆனால் சரியாகப் பதியாது.