உங்களுக்குத் தெரியுமா? கொத்தடிமையை எதிர்த்த எழுத்துகள்

1930-ல் கோலார் தங்கவயலில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காரணம் கூலி அல்ல, கைரேகை! எல்லோருடைய கைரேகையையும் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தது. குற்றவாளியிடம் எடுப்பதை எங்களிடம் எடுப்பதா என்று கொதித்தெழுந்தார்கள்.

அந்த ஊரில் எதிர்ப்புக் குரல் எழுத்திலும் ஒலித்தது. சாதியை எதிர்த்த சிந்தனையாளர் அயோத்திதாசர் 1907-ல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் காலமான பிறகு இதே தங்கவயலில் மறுபிறவி எடுத்தது. 1926 முதல் ஜி. அப்பாதுரையார் அதன் ஆசிரியர்.

வட ஆர்க்காட்டிலிருந்து தங்கவயலுக்கு ஆட்கள் போன காலத்தில், திருச்சி, சேலம் பக்கத்து ஏழைகள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். 1900-களின் தொடக்கத்தில் அவர்கள் கழுத்தில் ஒரு தகரவில்லை தொங்கும். அதில் தோட்டத்தின் எண், ஆளின் எண். பெயர் கிடையாது. வேறு தோட்டத்துக்குப் போக 'துண்டு' வேண்டும். ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணிக்குப் பட்ட கடனை எழுதிய சீட்டு அது. புதிய தோட்டம் அந்தக் கடனை அடைத்தால்தான் ஆள் நகரலாம். கடனோடு மனிதனும் கைமாறினான் என்றே சொல்ல வேண்டும். 1921-ல்தான் இந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

அந்தத் தோட்டங்களில் பாட்டையே ஆயுதமாக்கியவர் மீனாட்சி அம்மாள். புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்த தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி. எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்குக் கட்டுரை எப்படிப் போய்ச் சேரும்? பாட்டு சேரும். கூட்டங்களில் முதலில் அவர் குரல் எழும். அதைக் கேட்டு லயம் எனப்படும் வரிசை வீடுகளின் ஜனங்கள் திரள்வார்கள். கங்காணியின் கெடுபிடி, தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் அதிகாரம் எல்லாம் அவர் பாட்டில் வந்தன. 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவருடைய பாட்டுப் புத்தகம் 1940-ல் வெளிவந்தது. நம் பாடப் புத்தகங்களில் இந்தப் பெண்மணிக்கு அவசியம் இடம் வேண்டும்.

இவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே நெதர்லாந்தில் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து எழுதியவர் பெட்ரோனெல்லா மூன்ஸ். நாலு வயதில் அம்மை பார்வையைப் பறித்துவிட்டது. சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். அவர் மறைந்தது 1843-ல். டச்சு அரசு தன் தென் அமெரிக்கக் காலனியான சூரினாமில் அடிமைகளை விடுவித்ததோ 1863-ல்! அதற்குப் பிறகும் பத்து ஆண்டுகள் கட்டாய வேலை. அது முடிந்த 1873-லேயே 'லல்லா ரூக்' கப்பல், கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சூரினாமில் போய் இறக்கியது.